சரியாயிடும் என்று நான் சொன்ன நாள்

ஓய்வு பெற்றவளை எழுதச் சொன்னால் நாலு பெருமையை அவிழ்த்துவிடுவாள், புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கும் உற்சாகமாக இருக்கும் என்று நினைத்துத்தான் உங்கள் ஒருங்கிணைப்பாளர் என்னைக் கேட்டிருக்கிறார். பாவம், ஆள் தெரியாமல் கேட்டுவிட்டார். என்னிடமும் பெருமைக் கதைகள் இரண்டு மூன்று உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியிலெல்லாம் சொல்லிச் சொல்லி அவை தேய்ந்துவிட்டன. இப்போது எழுதுவது நான் யாரிடமும் சொல்லாதது.

நான் டாக்டர் இல்லை. சமூகப் பணி படித்துவிட்டு, மூளையில் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவில் சேர்ந்தேன். வேலையின் பிற்பாதி முழுக்க ஆய்வுக்காக வீடு வீடாக அலைந்தேன். அடிபட்டவர் பிழைத்து வீட்டுக்குப் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது, கணவன் மனைவி எப்படி இருக்கிறார்கள், பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவதுதான் ஆய்வு. நீங்கள் செய்யப்போவதும் அதேதான். உங்கள் கேள்விகள் கையில் பிடிக்கிற கருவியில் வருகின்றன. என் கேள்விகள் தோள்பையில் காகிதக் கட்டாகக் கனத்தன. வேறு வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு தாள். ஒன்று அடிபட்டவர் தன்னைப் பற்றிச் சொல்வது. இன்னொன்று, கூட இருப்பவர் அவரைப் பற்றிச் சொல்வது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் மூச்சுவிடக் கூடாது. இதைப் பயிற்சியின் முதல் நாளே உங்கள் தலையில் ஆணி அடித்த மாதிரி இறக்கியிருப்பார்கள். நல்ல விதி. அந்த நல்ல விதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதற்குத்தான் இப்போது வருகிறேன்.

வெள்ளையன் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி பஸ் போகிற கடைசி ஊர்களில் ஒன்று. சாமை போடுவார். மாசி, பங்குனியில் புளி உலுக்கப் போவார். அப்படி ஏறிய மரத்திலிருந்துதான் விழுந்தார். கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது பிழைப்பார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பிழைத்தார். கண் விழித்தார், பேசினார், கைத்தடி கூட இல்லாமல் நடந்து வீட்டுக்குப் போனார். வார்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவர் மனைவி மல்லிகாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. மகள் பிரியாவுக்கு ஏழு. வீட்டில் வெள்ளையனின் தாயும் இருந்தார்.

பழைய வெள்ளையனை நான் பார்த்ததில்லை, மல்லிகா சொல்லித்தான் தெரியும். வாய் ஓயாத ஆளாம். தெருமுனையில் வரும்போதே இன்றைக்குக் கருவாட்டுக் குழம்பா, கீரைக் கடைசலா என்று மோப்பம் பிடித்துக் கத்திக்கொண்டே வருவாராம். மகளைத் தோளிலிருந்து இறக்க மாட்டாராம். நான் பார்த்த வெள்ளையனின் முகத்தில் எதுவும் ஓடாது. குழந்தை எதிரில் விழுந்து அழுதால் தாண்டிக்கொண்டு போவார். சாதாரணச் சத்தத்துக்குக் கோபம் வரும். வந்தால் கையில் இருப்பது பறக்கும். அடிபட்டதில் அவருக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. வாசனை போனால் ருசியும் கூடவே போகும். எத்தனை முறை விளக்கினாலும் அது அவருக்கு ஏறவில்லை. "இவளுக்குச் சோறாக்கவே மறந்துபோச்சுங்க" என்பார்.

தன்னைப் பற்றிய தாளில் எல்லாக் கேள்விக்கும் 'மாற்றம் இல்லை' என்றே சொன்னார்.

"நான் அப்படியேதான் கீறேன். என் பொண்டாட்டிதான் மாறிட்டா. முன்னல்லாம் சிரிப்பா. இப்ப சிரிக்கிறதே இல்ல. அத்த உங்க தாள்ல எழுதிக்கோங்க."

அதை எழுதக் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். அவர் சொன்னது பொய்யும் இல்லை.

மல்லிகாவை வீட்டில் வைத்துக் கேட்பது நடக்காத காரியம், ஒரே அறை. அதனால் ஜமுனாமரத்தூர் சந்தைக்கு அவள் வரும் நாளில் நானும் போவேன். சந்தையின் பின்பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கேட்பேன். விபத்து நடந்து ஒரு வருடம் ஆனதும் அப்படித்தான் உட்கார்ந்தோம். 'இவர் விபத்துக்கு முன்பிருந்த அதே மனிதராக உங்களுக்குத் தோன்றுகிறாரா?' என்று ஒரு கேள்வி வரும். அதைக் கேட்டதும் மல்லிகா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்கூட்டு நாய் மேடம், அவரு வந்தா வால ஆட்டிக்கினு ஓடும். இப்பவும் ஓடுது. அதுக்குத் தெரியல."

அதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் தேவைப்படவில்லை. இருப்பதிலேயே மோசமான எண்ணை வட்டமிட்டேன். அடுத்த கேள்விக்குப் போகும் முன் அவளே பேசினாள். அவள் அண்ணன் அவளையும் பிள்ளையையும் தன் ஊருக்குக் கூட்டிப்போகத் தயாராக இருக்கிறான். அடுத்த வாரம் ஊர் கூடிப் பேசப்போகிறார்கள்.

இதை உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த ஊர் வழக்கத்தில் கோர்ட்டும் வக்கீலும் கிடையாது. ஊர்க் கவுண்டர் என்கிற தலைவர் முன்னால் இரண்டு பக்கமும் பேசி, ஊர் பிரித்துவிட்டால் பிரிந்ததுதான். அவள் தலை நிமிர்ந்து போகலாம், விரும்பினால் வேறு வாழ்க்கை தேடிக்கொள்ளலாம், யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். ஊர் விடாமல் தானாகப் போனால் அவள் ஓடிப்போனவள். மல்லிகா ஓடிப்போக விரும்பவில்லை. முறையாகக் கேட்டுக்கொண்டு போக விரும்பினாள்.

"நீங்க அன்னிக்கு வந்தா நல்லாருக்கும் மேடம். வெளியில பாக்குறவங்களுக்கு அவரு நல்லாத்தான் கீறாரு. உள்ள இன்னான்னு உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்."

"வர்றேன்" என்றேன். வெள்ளையனின் ஒரு வருடத் தாளும் பாக்கி இருந்தது. அதையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அந்த நாள் காலை பஸ்ஸில் போய் இறங்கும்போதே காளியம்மன் கோயில் முன்னால் கூட்டம் உட்கார்ந்திருந்தது. மல்லிகா ஓரமாக, பிரியாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் பின்னால் நின்றான். வெள்ளையன் எதிர்ப்பக்கம், தனக்கும் அந்தப் பேச்சுக்கும் சம்பந்தமில்லாத மாதிரி ஒரு புளியங்கொட்டையை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். மல்லிகாவின் மாமியார் பேசிக்கொண்டிருந்தார். மகனுக்காக மல்லுக்கு நிற்பார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

"அவ சின்னப் பொண்ணுங்க. எம்மாந்நாளு இப்படிக் கெடப்பா? என் புள்ளய நான் பாத்துக்குறேன், என் கையும் காலும் நல்லாக்கீது. அவளையும் கொழந்தையும் விட்டுருங்க. எங்கயாச்சும் நல்லா இருக்கட்டும்."

கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை. பெற்ற தாயே சொன்ன பிறகு ஊருக்கு என்ன வந்தது? முக்கால்வாசி முடிந்த காரியம். அப்போதுதான் ஊர்க் கவுண்டர் என்னைப் பார்த்தார்.

"டாக்டரம்மா வந்துட்டாங்க. ஒரு வார்த்த அவங்களையும் கேட்டுக்குவோம்."

நான் டாக்டர் இல்லை என்று அந்த மலையில் ஆயிரம் தடவை திருத்தியிருக்கிறேன். அன்றைக்குத் திருத்தவில்லை.

"ஒரே ஒரு கேள்விதாம்மா. இவன் முன்ன மாதிரி ஆவானா, மாட்டானா? ஆவான்னா அந்தப் பொண்ணு இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கட்டும். மாட்டான்னா இப்பவே விட்டுர்றோம். நீங்க படிச்சவங்க. நீங்க சொல்றதுதான்."

எனக்குப் பதில் தெரியும். எழுதிக்கொடுக்கிற அளவுக்கு உறுதியாக யாருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு வருடம் கழிந்த பிறகும் அப்படி இருக்கிற ஒருவர் பழைய ஆளாகத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. கை கால் தேறும், பேச்சு தேறும். இந்தக் கோபமும், பிறர் மனசு புரியாத இந்த மரத்துப்போன தன்மையும் கொஞ்சம் பழக்கத்துக்கு வரும், அவ்வளவுதான். இதைச் சொல்ல மூன்று வாக்கியம் போதும். தோள்பையில் மல்லிகாவின் தாள் இருந்தது. மல்லிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லிவிடுவேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, முகத்தில் தெரிந்தது.

"நல்லா நடக்கிறாரு. அவரே குளிக்கிறாரு, அவரே சாப்பிடறாரு, சந்தைக்குப் போய்ட்டு வர்றாரு. நல்ல முன்னேற்றம்" என்றேன். ஒவ்வொன்றும் உண்மை. பிறகு ஒன்று சொன்னேன். "இன்னும் ஒரு வருஷம் பொறுங்க. போகப் போகச் சரியாயிடும்."

கவுண்டர் தலையாட்டினார். "அப்பறம் இன்னா? ஆவுறவன விட்டுட்டுப் போறது நாயம் இல்ல" என்றார். மாமியார் கூடக் கையெடுத்து என்னைக் கும்பிட்டார். தாய்தானே, மகன் திரும்பி வருவான் என்று சொன்னால் எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? கூட்டம் கலைந்தது. மல்லிகா மட்டும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம், விதி. மனைவி தாளில் சொன்னதைக் கணவன் முன்னால் எப்படிச் சொல்வது? ஆனால் அவளே வரச் சொல்லி, அவளே சொல்லக் கேட்டுக்கொண்ட பிறகு விதி என் குறுக்கே நிற்கவில்லை. நான்தான் போய் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். இரண்டாவது காரணம், ஒரு குடும்பத்தைப் பிரித்த பாவம் எனக்கெதற்கு என்ற பயம். கேட்க நல்லவிதமாக இருக்கிற பயம் அது. மூன்றாவதை இன்றுதான் எழுத்தில் வைக்கிறேன். எங்கள் ஆய்வு கணவன் மனைவியை இரண்டு வருடம் தொடர்வது. பாதியில் பிரிந்த குடும்பங்கள் பட்டியலிலிருந்து விழுந்துகொண்டே வந்தன, ஒவ்வொன்று விழும்போதும் என்னைத்தான் கேட்டார்கள். மல்லிகா போய்விட்டால் இன்னொன்று விழும். அந்த எண்ணம் அந்த நிமிஷம் என் தலைக்குள் வந்துபோனது. எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்காதீர்கள். வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு மூத்த அம்மா இருந்தார். எந்தக் குடும்பத்திடமும் 'சரியாயிடும்' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "எனக்குத் தெரியலம்மா. தெரிஞ்சா உன்கிட்ட மறைப்பேனா?" என்பார், அழுகிறவர்கள் அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கல்நெஞ்சக்காரி என்று கேன்டீனில் பேசிக்கொள்வோம். அன்று மாலை மலையிறங்கும் பஸ்ஸில் அவர் ஞாபகம் வந்தது. அவரைவிட எனக்கு ஈர மனசு என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாகத் தூங்கிக்கொண்டும் வந்தேன்.

அடுத்த வருடம் இரண்டாம் ஆண்டுத் தாளோடு போனேன். மல்லிகா சந்தைக்கு வரவில்லை, வீட்டுக்குப் போனபோது இங்கேயே கேளுங்கள் என்றாள். கோபப்படுகிறாரா? இல்லை. பேசுகிறாரா? பேசுகிறார். முன்பிருந்த அதே மனிதராகத் தோன்றுகிறாரா? ஆமாம். வழக்கமாக ஒரு மணி நேரம் ஆகிற தாள் கால் மணியில் முடிந்தது. காபி கூடக் கொடுத்தாள். குழந்தை எங்கே என்றேன். "ஹாஸ்டல்ல சேத்துட்டேன் மேடம், ஜமுனாமரத்தூர்ல. நல்லா படிக்கட்டும்னு." குடும்பம் பிள்ளையின் கல்வியில் அக்கறை காட்டுகிறது என்று எழுதிக்கொண்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசியதும், மாமியார் வாசலிலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்காததும் இப்போது ஞாபகம் வருகிறது. அப்போது என் கண்ணில் எண்கள்தான் பட்டன. எல்லாம் அழகாக ஏறியிருந்தன.

அந்த எண்களை நகரத்தில் ஒரு கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினேன். வீட்டாரின் ஆதரவு தொடர்ந்தால் இரண்டாம் ஆண்டில் உறவு மேம்படுகிறது என்று பேசினேன். கை தட்டினார்கள்.

நீங்கள் ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். ஒரு வீட்டில் பதில்கள் திடீரென்று நன்றாக வந்தால், அந்த வீடு நன்றாகிவிட்டது என்றும் இருக்கலாம், உங்களிடம் சொல்லிப் பயனில்லை என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்றும் இருக்கலாம். இரண்டுக்கும் எண் ஒன்றுதான். எது என்று தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முகத்தைப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, ஆய்வின் முடிவுகளைத் தமிழில் ஒரு சிறு புத்தகமாக அடித்து, கலந்துகொண்ட குடும்பங்களுக்கெல்லாம் நேரில் கொடுக்கச் சொன்னார்கள். நல்ல ஏற்பாடு. ஊர் கூடிய நாளுக்குப் பிறகு ஆறு வருடம் போயிருந்தது. பொங்கல் விடுமுறை முடிகிற நாளில் வெள்ளையன் வீட்டுக்குப் போனேன்.

வெள்ளையன் வெளியே கட்டிலில் இருந்தார். "ஆஸ்பத்திரி அம்மாதானே? நல்லாக் கீறீங்களா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மாமியார் இல்லை, போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் என்றாள் மல்லிகா. அவளுக்கு இன்னும் முப்பத்தைந்து ஆகவில்லை. காதோரம் பாதி நரைத்திருந்தது. புத்தகத்தை வாங்கி, நின்றபடியே வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"மேடம், ரெண்டாவது வருசத்துல உறவு மேம்பட்டதுன்னு போட்டுக்கீதே, இதுல நானும் கீறனா?"

"இருக்க, மல்லிகா."

"எல்லாம் நல்லாக்கீதுன்னு நான் சொன்னதயா எழுதினீங்க?"

"ஆமா."

"அதுக்கு முன்ன சந்தைல ஒரு தாளு குடுத்தனே. நெசமா சொன்ன தாளு. அத்த இன்னா பண்ணீங்க?"

அதற்கும் பதில் இருந்தது. சொன்னேன். அந்தத் தாளோடு ஒப்பிட்டுத்தான் மேம்பட்டது என்று எழுதினோம். அவள் அன்றைக்கு எவ்வளவு மோசமாகச் சொன்னாளோ, அந்த அளவுக்கு முன்னேற்றம் பெரிதாகத் தெரிந்தது.

மல்லிகா புத்தகத்தை மூடினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அன்னிக்குக் கோயிலாண்ட சரியாயிடும்னு சொன்னீங்களே. தெரிஞ்சு சொன்னீங்களா?"

"இல்ல. சரியாகாதுன்னுதான் எனக்குத் தோணிச்சு. மாத்திச் சொல்லிட்டேன்."

அவள் கட்டில் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மெதுவாக, கட்டிலில் இருப்பவர் காதில் விழாத குரலில் சொன்னாள். "நீங்க சொல்லிட்டுப் போய்ட்டீங்க. அவரு நல்லாயிட்டாருன்னு ஊரு முடிவு பண்ணிச்சு. டாக்டரம்மாவே சொன்னாங்களே. அப்ப தட்டு பறந்தா யாரு மேல தப்பு? நான் சோறாக்குற லட்சணம். புள்ள மேல சொம்பத் தூக்கி எறிஞ்சா? நான் வாயக் குடுத்திருப்பேன். நல்லாக்கீற மனுசன் சும்மா எறிவானா? எங்கத்தை ஒண்ணுதான் என் பக்கம் நின்னுச்சு. எங்கண்ணனே அப்பால வரல. உம்மேலயே கோளாறு இருந்தா நான் இன்னான்னு கேக்குறதுன்னுட்டான்."

இத்தனை வருடம் இந்த வேலை செய்தும் இது எனக்குத் தோன்றவே இல்லை. நான் சொன்ன பொய்யால் அவளுக்கு ஒரு வருடம் வீணாகும், ஏமாற்றம் வரும் என்ற அளவுக்குத்தான் என் கற்பனை போயிருந்தது. அவரை நல்லவராக்கினால் அந்த வீட்டில் மிச்சமிருக்கிற ஒருத்தி கெட்டவளாகிவிடுவாள் என்பது எட்டவில்லை.

"மறுபடி ஊரக் கூட்டச் சொல்லு, மல்லிகா. நான் வந்து எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

"ஊருக்கு வேணாம் மேடம். ஊரு இன்னா நெனச்சா எனக்கின்னா? உள்ள ஒருத்தி கீறா. அவகிட்ட சொல்லுங்க."

உள்ளே பிரியா பைக்குள் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பதினாலு வயது. மூன்று மணி பஸ்ஸில் விடுதிக்குத் திரும்ப வேண்டும். நெற்றியில் புருவத்துக்கு மேலே தழும்பு. அம்மா சண்டைக்காரி, அப்பாவை வாழவிடவில்லை, தன்னையும் தொல்லை விட்டது என்று விடுதியில் தள்ளிவிட்டாள் என்பது அவள் எண்ணம். விடுமுறைக்கு வந்தாலும் அம்மாவிடம் தேவைக்குத்தான் பேசுவாள். மல்லிகா வாசலிலேயே நின்றுகொண்டாள். நான் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

என்னால் முடிந்த அளவு நேராகச் சொன்னேன். அப்பாவுக்கு மண்டையில் அடிபட்டதில் கோபத்தை அடக்குகிற திறன் போய்விட்டது, அடுத்தவர் வலி புரிகிற திறன் போய்விட்டது, வாசனை போய்விட்டது. அது அவர் தப்பில்லை, அம்மா தப்பும் இல்லை. அது திரும்பாது என்று எனக்கு அன்றைக்கே தெரியும், ஊர் கேட்டபோது மாற்றிச் சொன்னேன். உன்னை விடுதியில் சேர்த்தது உன் மேல் அடுத்த சொம்பு விழாமல் இருக்கத்தான்.

பிரியா அடுக்குவதை நிறுத்தவில்லை. முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அம்மா இதெல்லாம் எங்கிட்ட சொல்லிச்சு. மூணு வாட்டி சொல்லிச்சு."

"அப்புறம்?"

"நான் நம்பல. அன்னிக்குக் கோயிலாண்ட நான் அம்மா மடிலதான் குந்தினு இருந்தேன். நீங்க சொன்னத என் காதால கேட்டேன். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன்."

வாசலில் மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். பிரியா எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றாள். கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. தோளோடு தோள் உரசுகிற அளவுக்கு நின்றாள், அதற்கு மேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டு ஒன்பது வயதிலிருந்து விடுதியில் வளர்ந்த பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

உண்மையைச் சொல்லிவிட்டேனே, இப்போதாவது கணக்குச் சரியாயிற்றா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அந்தத் தரையில் உட்கார்ந்துகொண்டு அப்படி ஒரு அற்ப ஆறுதலைத் தேடிக்கொண்டுதான் இருந்தேன். ஆறு வருடம் முன்னால் சொல்லியிருந்தால் அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அப்போது மாமியார் உயிரோடு இருந்தார், மகனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னார். அண்ணன் வந்து நின்றான். ஊர் விடத் தயாராக இருந்தது. அத்தனை கதவும் திறந்திருந்த நேரத்தில் நான் பேசினேன். உங்களிடமும் ஒரு நாள் யாராவது இப்படிக் கேட்பார்கள், கூட்டத்தில் வைத்துக் கேட்பார்கள், யோசிக்க நேரம் தர மாட்டார்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். வாயில் வருவது யாருக்கு இதமாக இருக்கிறது என்று ஒரு கணம் பாருங்கள். பெரும்பாலும் அது சொல்கிறவருக்குத்தான் இதமாக இருக்கும்.

மூன்று மணி பஸ்ஸுக்கு மூவரும் நடந்து வந்தோம். எனக்கும் அதே பஸ்தான். பஸ் வளைவில் திரும்பி வருவது தெரிந்ததும் பிரியா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"நீயும் வாம்மா. மாமா வூட்டுக்குப் போய்டலாம். நான் பேசுறேன் மாமாகிட்ட."

மல்லிகா மகளின் முகத்தையே பார்த்தாள். அந்தக் கையை விட அவளுக்கு மனசில்லை. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பாட்டியும் இல்ல. நான் வந்துட்டா அவருக்கு யாரு சோறு போடுவா?"

பஸ் நின்றது. ஏறிக்கொண்டோம். பிரியா என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஜமுனாமரத்தூர் நெருங்கும்போது ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீங்க அன்னிக்கு நெசத்த சொல்லியிருந்தா நான் மாமா வூட்லேர்ந்து பள்ளிக்கூடம் போயிருப்பனா?"

"போயிருப்ப."

"அம்மாவும் எங்கூட இருந்திருக்குமா?"

"இருந்திருப்பாங்க."

விடுதிக்கு இறங்குகிற இடம் வந்ததும் எழுந்தாள். நான் காலை ஒதுக்கி வழி விட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.